ஜாக்கெட் துணிக்குள் மடித்துவைத்த காகிதம்

போன செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் நான் மட்டும் இருந்தபோது ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட் துணியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அகலம் பார்க்கலாம் என்று மேசைமேல் விரித்தேன். உள்ளேயிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரித்துப் படித்தேன். ‘ஹெச்பிஎஸ்ஏஜி’ என்று போட்டு, எதிரே தடித்த எழுத்தில் ‘ரியாக்டிவ்’. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள்.

“தை மாதம் கல்யாணம் அக்கா” என்றாள்.

எனக்கு விழுப்புரத்தில் சின்னத் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்து பதினேழு வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னேன். அன்றிலிருந்து இப்படி ஆட்கள் வருகிறார்கள். ஃபால்ஸ் அடிக்க வேண்டும் என்று ஒரு புடவையோடு வருவார்கள். பேச்சு முடியும்போது பையிலிருந்து பரிசோதனைக் காகிதம் வெளியே வரும். மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்வதில்லை. மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். அப்படித் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் வேலை செய்யும் கம்பெனியில் ரத்ததான முகாம் நடத்தியிருக்கிறார்கள். கொடுக்கப்படும் ரத்தம் எல்லாவற்றையும் ரத்த வங்கியில் பரிசோதித்தாக வேண்டும். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து அழைத்துத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். “நான் யாருடனும் பழகியதில்லை அக்கா. எனக்கு எப்படி வந்தது?” என்று கேட்டாள். என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். கல்லீரலைப் பற்றிய கவலைக்கு முன்பே மானத்தைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். “உன் அம்மாவுக்குப் பரிசோதனை எடுத்தார்களா?” என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

இந்தக் கிருமி ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். சரியாகக் கொதிக்கவைக்காத ஊசியில் போகும். 2009-ல் குஜராத்தின் மோடாசா பக்கம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கும் போட்டுப் போட்டே பரவி உயிர்கள் போயின. ஆனால் முக்கியமான கணக்கு வேறு. வளர்ந்தவர் ஒருவருக்கு இது தொற்றினால் உடம்பே அதை விரட்டிவிடும். நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடம்தான் நிலைத்து நிற்கும். பிறந்தபோதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளிடம் தங்கிவிடும். எதிரியென்று இதை இனம் கண்டுகொள்ள அந்தச் சின்ன உடம்புக்குத் தெரியாது. ஆக, இன்று இதைச் சுமந்துகொண்டிருக்கும் எத்தனையோ பேர் பேசத் தெரியாத வயதிலேயே அதை வாங்கிக்கொண்டவர்கள். இந்தக் காகிதத்தைப் பார்த்து ஒரு பெண்ணின் நடத்தையை எடைபோடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பிறந்தது 1979-ல், திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டுப் பிரசவம். அண்ணன் 1976. இரண்டு பேருக்கும் அம்மாவிடமிருந்துதான் வந்தது. அது எங்களுக்குத் தெரிந்தது 2015-ல், அண்ணனின் காரியம் முடிந்த பிறகு.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளைகுடா வேலைக்குப் போகவேண்டும் என்று 2003-ல் ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டினார். மெடிக்கலுக்குச் சென்னை போனார். இரண்டு நாளில் திரும்பி வந்து, “மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள்” என்றார். என்ன காரணம் என்று அப்பா கேட்டதற்கு, “என்னமோ ரத்தத்தில் சரியில்லையாம்” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் மினி லாரி ஓட்டினார். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. 2015 பங்குனியில் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றார். வாயு என்று இஞ்சிச் சாறு குடித்தார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. நான்தான் இரண்டு சட்டையைப் பிடித்துக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் பதினோரு சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. கல்லீரலின் உள்ளே வலி தெரியாது, மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபடும்போதுதான் வலிக்கும் என்று அப்போதுதான் ஒரு மருத்துவர் சொல்லிக் கேட்டேன். மூன்றே மாதம். 39 வயது.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், “குடித்திருப்பான்” என்று என் காதுபடவே பேசினார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

காரியம் முடிந்து அண்ணி தகரப் பெட்டியைத் திறந்தார். லைசென்ஸ் புதுப்பித்த ரசீதுகள், தங்கையின் கல்யாணப் பத்திரிகை, அவற்றுக்கு அடியில் ஒரு காகிதம். பரிசோதனை நிலையம் கொடுத்தது. மேலே ‘அன்ஃபிட்’ என்ற முத்திரை. கீழே ஒரு வரியில் ஹெச்பிஎஸ்ஏஜி, ரியாக்டிவ். மடிப்புகள் கிழிந்துபோய் உட்பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. டேப்பும் பழுப்பேறி, அதன்மேலேயே இன்னொரு டேப். எத்தனை முறை அதை எடுத்துப் பிரித்துப் பார்த்திருந்தால் அப்படிக் கிழியும்? அது என்ன நோய், அடுத்து எங்கே போக வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வெளிநாட்டுக்கு ஆகாத உடம்பு என்று சொன்னதோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. அண்ணனை யாரும் ஒரு மருத்துவரிடம் அனுப்பவில்லை.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அந்தக் காகிதத்தில் இருந்த வரியை நான் அதற்கு ஏழு வருடம் முன்பே என் காகிதத்தில் படித்திருந்தேன். 2008-ல் கர்ப்பமாக இருந்தபோது எடுத்த பரிசோதனையில் தெரிந்தது. மகள் பிறந்ததும் பார்த்த மருத்துவர், “நீங்கள் வெறும் கேரியர்தான், கிருமியைச் சுமப்பவர், மருந்து எதுவும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அது, ‘உனக்கு ஒன்றும் இல்லை’ என்று கேட்டது. பிறந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இரண்டு பேரிடமும் ஒரே காகிதம் இருந்தது.

ஆகவே ‘கேரியர்’ என்ற சொல்லைத் தயவுசெய்து அப்படியே விழுங்கிவிடாதீர்கள். மருந்து வேண்டாம் என்று சொன்னால், இன்றைக்கு வேண்டாம் என்றுதான் பொருள். பரிசோதனை வேண்டாம் என்று பொருளே இல்லை. இந்தக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், பிறகு கிளம்பும், மறுபடி அடங்கும். கல்லீரல் புண்பட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி ஒருமுறை சரியாக இருந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கிருமி வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் ஹெச்பி-இ ஆன்டிஜென், ரத்தத்தில் கிருமியின் டிஎன்ஏ அளவு, எஸ்ஜிபிடி, வயிற்று ஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன், இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் யாருக்கு எப்போது மருந்து என்று முடிவு செய்கிறார்கள். 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் மருந்து தொடங்குவதற்கான வரம்புகளைத் தளர்த்தி, முன்பைவிட அதிகம் பேருக்குச் சிகிச்சை கொடுக்கலாம் என்று புது வழிகாட்டுதல் வெளியிட்டது. பத்து வருடத்துக்கு முன்பு ‘வேண்டாம்’ என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் இன்னொரு முறை போய்க் கேட்க வேண்டும்.

2015-ல் எனக்கு டிஎன்ஏ 48,000 இருந்தது. எஸ்ஜிபிடி 68. ஃபைப்ரோஸ்கேன் 8.4. மூன்றும் அதிகம். சோர்வு இல்லை, பசி குறையவில்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. தீபாவளிக்கு இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். அந்த உடம்புக்குள்ளேதான் கல்லீரல் தழும்பேறிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு நோய் இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, அவள் தப்பித்துவிட்டாள் என்று முதலில் சொன்னேன். பிறகு மெதுவாக அம்மாவின் முடிவைச் சொன்னேன். கை நின்றது. “அப்படியானால் நான்தான் அவனுக்குக் கொடுத்தேனா?” என்றார்.

“அம்மா, குழந்தை பிறந்தவுடன் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது. அது உலகத்தில் பயன்பாட்டுக்கு வந்ததே 1982-ல். நீங்கள் எங்களைப் பெற்றபோது எந்த ராஜா வீட்டிலும் அது இல்லை” என்றேன்.

அம்மாவுக்கு வருடக் கணக்கு தெரியாது. “அவன் எமர்ஜென்சியில் பிறந்தவன். நீ எம்.ஜி.ஆர். வந்த பிறகு” என்று முணுமுணுத்தபடி விரல்களை மடக்கினார். “அப்படியென்றால் இல்லைதான்” என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் கழித்து அடுத்த கடலையை எடுத்தார்.

நம் நாட்டில் அந்தத் தடுப்பூசியை 2002-ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் கொடுக்கத் தொடங்கினார்கள்; நாடு முழுவதும் போனது 2011-ல். காகிதத்தோடு வந்த இந்தப் பெண் 2000-ல் பிறந்தவள். அவள் அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவர் காகிதத்தோடு அந்த வீட்டு வேலை முடியாது.

அடுத்தது எல்லோரும் கேட்பது: குணமாகுமா? மாத்திரை கிருமி பெருகுவதை நிறுத்தும். ஆனால் கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் கிருமி தன் மூலப்படியை வளையம்போலச் செய்து வைத்துவிடுகிறது. மாத்திரை அதைத் தொடுவதில்லை. இதை என் மருத்துவர் விளக்கியபோது எனக்கு அளவுக் காகிதம் நினைவுக்கு வந்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு வெட்டிவைத்த காகிதம் பீரோவில் இருக்கும்வரை, எப்போது வேண்டுமானாலும் அதை வைத்து நூறு ஜாக்கெட் வெட்டலாம். மாத்திரை கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது. காகிதம் பீரோவிலேயே இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிஎன்ஏ ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வெல்டர் அப்படி நினைத்து மாத்திரையை விட்டார். நான்கே மாதத்தில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டி, பிழைத்ததே பெரிது. ஹெச்பிஎஸ்ஏஜி மறைவது வேறு, டிஎன்ஏ மறைவது வேறு. முதலாவது அபூர்வமாக நடக்கும். இரண்டாவது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நான் பத்து வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டெனோஃபோவிர் போடுகிறேன். என்டெகாவிர் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் அதை வெறும் வயிற்றில் போட வேண்டும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கொஞ்சம் பாதிக்கலாம் என்பதால் எனக்குச் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கிறார்கள். இப்போது என் டிஎன்ஏ கண்டறியப்படவில்லை, ஃபைப்ரோஸ்கேன் 5.6-க்கு இறங்கிவிட்டது. தழும்பு ஆறும் என்பதை அந்த எண்ணில் பார்த்த அன்று கடையை அரை நாள் மூடிவிட்டு அண்ணியைப் பார்க்கப் போனேன்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சி (ஹெபடைட்டிஸ்) திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். முதல் ஆறு வருடம் கைக்காசு போட்டு வாங்கினேன். இப்போது அரசு மருத்துவமனையில் வாங்குகிறேன். எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை மையம் இருக்கிறது என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

கீழாநெல்லி. இதைக் கேட்காத ஒருவரும் இல்லை; நானும் கேட்டேன். கீழாநெல்லியை இளக்காரமாகப் பேசுகிறவள் இல்லை நான். மோரில் அரைத்துக் குடித்து வளர்ந்த ஊர்தான் எங்களுடையது. அது விளையாட்டாகச் சொல்லப்பட்ட மருந்தும் இல்லை. சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை இந்த நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து, 1988-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பரூக் பிளம்பர்க்கும் ஒருவர். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அண்ணன் பிறந்த அதே 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் பிறந்தநாளான ஜூலை 28-ஐத்தான் உலகக் கல்லீரல் அழற்சி நாளாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பிற நாடுகளில் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. என் மருத்துவர் இதை முழுக்கச் சொல்லிவிட்டு, “நம்பிக்கையோடு தொடங்கினார்கள், நேர்மையாகச் சோதித்தார்கள், நிற்கவில்லை” என்றார். சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ கிருமிகளால் வருவது. அநேகமாக அது தானாகவே சரியாகிவிடும். அப்போது எதைக் குடித்தாலும் குடித்தது குணமாக்கியதாகத்தான் தெரியும். பெயர் தெரியாத பொடி, கசாயம் எல்லாவற்றையும் கல்லீரல்தான் செரித்தாக வேண்டும் என்பதையும் நினைக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயில்லாமல், உப்பில்லாமல், மஞ்சள்தூள்கூடப் போடாமல் வருடக்கணக்கில் கஞ்சி குடித்து இளைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடலாம். காபி கல்லீரலுக்கு நல்லது என்றே மருத்துவர் சொன்னார். இடுப்புச் சதையும் சர்க்கரையும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கிற கிருமியோடு கொழுப்பும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. மது அறவே கூடாது.

ஆனால் வேர்க்கடலை விஷயத்தை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன், எங்கள் பக்கம் கடலை விளைகிற மண் என்பதால். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு அது தனியாகவே காரணமாகும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் முழுதாகப் போகாது. எங்கள் வீட்டில் நல்ல கடலை விற்பனைக்குப் போகும். சுருங்கியதும் கறுத்ததும் வீட்டுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. அம்மா சிக்கனம் பார்த்து அவற்றைத் துவையலுக்கு ஒதுக்குவார். இப்போது கறுத்துப்போன கடலையை நான் குப்பையில் கொட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அண்ணன் சாப்பிட்டது எது என்று அவரும் நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வீட்டில் தட்டு, தம்ளர் தனியாக வைக்க வேண்டுமா? வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், கொசுக்கடி எதிலும் இது பரவாது. எனக்கு இது தெரிந்த புதிதில் என் மாமியார் ஒரு எவர்சில்வர் தம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துத் தனியாகக் கவிழ்த்து வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அதிலேயே குடித்தேன். 2015-ல் மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று மாலை காபி போட்டு அந்தப் புள்ளி வைத்த தம்ளரில் அவர் குடித்தார், எனக்கு அவர் தம்ளரில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தம்ளர் இன்றும் இருக்கிறது. புள்ளி பாதி உதிர்ந்துவிட்டது.

தனியாக வைக்க வேண்டியது ரத்தம் படுகிற பொருள்கள்: பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. என் தொழிலில் ஊசியும் அதில் சேரும். கொக்கி கட்டும்போது விரலில் குத்தாத நாள் கிடையாது. ஒருமுறை மெஷின் ஊசியே நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. காய்ந்த ரத்தத்தில் இந்தக் கிருமி ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். ஆகவே தையல் படிக்க வரும் பெண்களுக்கு ஆளுக்கொரு ஊசி டப்பா கொடுத்துவிட்டேன். மேசையில் ரத்தம் பட்டால் ஒரு பங்கு ப்ளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைப்போம். என் ரத்தம் என்று மட்டும் இல்லை, யாருடைய ரத்தமானாலும். விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் போதும், வேலையை விட வேண்டியதில்லை. இதைச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினால் அது அநியாயம்.

இன்னொன்று, எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். மூட்டுவலிக்கு என்று அம்மா மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டும் சில புற்றுநோய் மருந்துகளும் அடங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடும். நல்ல வேளையாக, பரிசோதனைக்குப் போன இடத்தில் மருத்துவர் கேட்டுக் கண்டுபிடித்தார்.

இந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி கடைசியில்தான் வந்தது. “அவரிடம் சொல்ல வேண்டுமா அக்கா? சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமே.”

சொல்ல வேண்டும் என்றேன். அவருக்கு நோய் வராமல் தடுக்க ஊசி இருக்கும்போது, அதைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து மறைக்க நமக்கு உரிமை இல்லை. முதலில் அவருக்கு ரத்தப் பரிசோதனை. ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் மூன்று ஊசி. மூன்றாவது போட்டு ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி பத்துக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

“குழந்தை?” என்றாள்.

எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் என் மகளின் படத்தைக் காட்டினேன். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது உடனே காக்கும் எதிர்ப்புப் புரத ஊசி. இரண்டாவதை வாங்க என் கணவர் என் வளையல் ஒன்றை அடகு வைத்துவிட்டு வெயிலில் ஐஸ் டப்பாவோடு ஓடி வந்தார். தாய்ப்பால் கொடுத்தேன், தடையில்லை. மற்ற தவணைகளும் தவறாமல் போட்டோம். ஒரு வயதில் பரிசோதித்தபோது அவளுக்கு நோய் இல்லை, எதிர்ப்புச் சக்தி நிறைய இருந்தது. இப்போது இன்னும் ஒரு பாதுகாப்பு கூடியிருக்கிறது: தாயின் டிஎன்ஏ இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் கொடுக்கிறார்கள். “முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் காகிதத்தைக் காட்டு. பிரசவத்துக்குப் போகும்போது ஊசி தயாராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படு” என்றேன்.

அந்தப் படத்துக்கு அருகில் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தாள். அளவு நோட்டில் அவள் பெயருக்குக் கீழே உயரம், மார்பு, தோள், கை எழுதினேன். அதற்கும் கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் டிஎன்ஏ பரிசோதனைக்கு இந்த மாதம், ஸ்கேனுக்கு இந்த மாதம் என்று எழுதிக்கொண்டேன். என் பெயரில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். வீட்டில் ஒருவருக்குக் கட்டி வந்திருப்பதால் எனக்கு அதில் விலக்கே கிடையாது. அம்மாவுக்கும் ஒரு பக்கம். மொத்தம் பதினான்கு பேருக்கு இருக்கிறது.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஜாக்கெட்டில் முடிச்சுக் கயிறு வைக்க வேண்டாம் என்றாள். சரி என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அக்கா, முதல் ஊசி இந்த ஐப்பசியில் போட்டால் மற்ற இரண்டும் எப்போது வரும்?”

“இரண்டாவது கார்த்திகையில். முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது, சித்திரை.”

“கல்யாணம் தையில் அல்லவா?” இது அவள் குரல் இல்லை. ஒரு ஆணின் குரல், கொஞ்சம் தயக்கத்தோடு. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள்.

“பரவாயில்லை தம்பி. மூன்றாவது ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். அதற்குள் நீங்களும் உங்கள் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“நாளைக்கே போகிறோம்” என்றார். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன், அவள் பக்கத்திலேயே, கீழே மிச்சமிருந்த இடத்தில்.